நாக்கு நிற்க வேண்டிய இடம்

அந்தக் குரல் பதிவை மகேஸ்வரி முதலில் கேட்டது பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாயடியில். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் விடாமல் அதிர்ந்தது. யூ.கே.ஜி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு. ஒரு தாய், தன் மகன் வீட்டில் பாடம் சொல்வதைப் பதிவு செய்து போட்டிருந்தார். மகேஸ்வரி ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். "தன், தோப், தாக்த், த்னேக்" என்று பையன் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். சன், சோப், சாக்ஸ், ஸ்னேக். எஸ் எழுத்துக்கு அவள் போன வாரம் நடத்திய பாடம். தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னடத்தில் திருத்தினார். த இல்லை கண்ணா, ஸ, ஸன் என்று சொல்லு. பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்க மித் இப்படித்தான் சொல்லுவாங்க, உனக்குத்தான் தெரியல, என்றான்.

பையனுக்கு நாக்கில் ஏதோ கோளாறு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இந்த வயதிலேயே கவனித்தால் சரியாகிவிடும், தாயிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள். பிறகு கீழே பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று ஒருவர். எங்கள் வீட்டில் ஸ்கூலே த்கூல் ஆகிவிட்டது என்று இன்னொருவர். குழுவில் மிஸ்ஸும் இருக்கிறாள் என்பது அப்போதுதான் யாருக்கோ நினைவு வந்திருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் மறைந்தன. செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரிகள் மட்டும் மிஞ்சின. குழாயடியில் டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் போன பிறகு வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு, குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, போனை வாய்க்கருகில் பிடித்து 'சன்' என்றாள். கேட்டுப் பார்த்தாள். தன் குரலை இதற்கு முன்பும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பாட்டுகளைப் பதிவு செய்து அந்தக் குழுவில் போட்டதே அவள்தான். அப்போதெல்லாம் குரல் கரகரப்பாக இருக்கிறதா, பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் விழுந்திருக்கிறதா என்றுதான் கவனித்தாள். இப்போது வேறொன்று கேட்டது. ஒவ்வொரு ஸவிலும் பல்லுக்கு நடுவே மெத்தென்று ஏதோ வந்து அடைத்துக்கொண்டது. 'சோப்' என்றாள். 'மைசூர்' என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பேருந்து நடத்துநர்களிடமும் ஆட்டோக்காரர்களிடமும் சொல்லிவந்த ஊர்ப் பெயர் மைதூர் என்று வந்தது. கடைசியில் தன் பெயரைச் சொன்னாள். மகேத்வரி. அதை ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியவில்லை.

விஷயம் பிரின்சிபால் மேடத்தின் காதுக்கும் போயிருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். உங்களை மாதிரிப் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொள்கிற டீச்சர் எனக்குக் கிடைக்க மாட்டார்கள், ஆனால் ஃபோனிக்ஸ் சொல்லித் தருகிறோம் என்றுதான் இந்தப் பெற்றோர்கள் இங்கே சேர்க்கிறார்கள், எழுத்தின் சத்தமே தப்பாகப் போனால் நான் என்ன பதில் சொல்ல, என்றார். தசரா விடுமுறை முடியட்டும், அதற்குள் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள், திரும்பி வந்ததும் நானே ஒரு நாள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முடித்தார். மகேஸ்வரி சரி என்று சொல்ல வாயெடுத்து, அதிலும் அந்த எழுத்து இருப்பது ஞாபகம் வந்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

கணவன் சிவகுமார் அன்று பகல் ஷிப்ட் முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். டயர் கம்பெனியில் வேலை. கேசரையில் வாடகை வீடு. இரண்டு பேருக்குமே ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கம். கல்யாணமான வருஷமே மைசூருக்கு வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, நான் பேசறது உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுதா?"

"எப்படி வித்தியாசமா?"

"ச வரமாட்டேங்குது. த-ன்னு வருது." சொல்லும்போதே அவள் வாயில் இரண்டு எழுத்தும் ஒன்றாகவே கேட்டன.

அவன் சாக்ஸை உருவி ஷூவுக்குள் திணித்தான். "அது எப்பவும் அப்படித்தானே."

"எப்பவுமா?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கம்மா சொல்லுச்சு. புள்ளைக்கு நாக்கு கொஞ்சம் தடிப்பாட்ட இருக்குதுன்னு. எங்க மாமா கூட, ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லலாம்னாரு. நாந்தான் அதெல்லாம் பரவால்லைன்னேன்." அவன் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"இத்தன வருசத்துல ஒருக்கா எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"சொல்லி என்ன ஆகப்போகுது மகேசு. நீ சங்கடப்படுவே, அவ்வளவுதான்."

அவனிடம் கோபப்பட அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் அரிந்துகொண்டே, தான் பேசிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கொள்ளேகால் காலேஜில் செமினார் எடுத்தபோது பின் பெஞ்சில் எழுந்த சிரிப்பு. பையன்கள் வேறு எதற்கோ சிரிக்கிறார்கள் என்று அன்று அவளும் சேர்ந்து சிரித்தாள். டி.எட். நேர்முகத் தேர்வில் ஒரு அம்மாள் அவள் பெயரை மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொன்னது. கல்யாண மேடையில் மைக்கைக் கொடுத்து மாப்பிள்ளை பேரைச் சொல்லு என்று நாத்தனார்கள் வற்புறுத்தியது. அவள் திவகுமார் என்று சொல்லியிருப்பாள், அதற்குத்தான் அந்தக் கைதட்டல். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் பரவாயில்லை என்று விட்டிருக்கிறார்கள். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஹனூருக்குப் போன் போட்டாள். அம்மா பாப்பாத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பேசினாள். "நீ கட்டவெரல வாயில வெச்சுட்டேதான் கெடப்பே சாமி. வேப்பெண்ணெ தடவிப் பாத்தாச்சு, துணியச் சுத்திப் பாத்தாச்சு. அஞ்சாவது படிக்கறப்பத்தான் வுட்டே. கொழந்தப் பேச்சு தானாத் திரும்பிக்கும்னு இருந்துட்டோம். இப்ப என்ன அதுக்கு? ஆரு என்ன சொன்னாங்க உன்னய?" யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று மகேஸ்வரி போனை வைத்தாள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்தது அந்த கிளினிக். தெரபிஸ்டுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பெயர் ஸ்பூர்த்தி. கதவில் அந்தப் பெயரைப் படித்ததுமே மகேஸ்வரிக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஸ்பூர்த்தி அவளைப் பேசச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு கட்டைவிரலால் அவளுடைய கீழ் உதட்டை மெல்லக் கீழே பிடித்துக்கொண்டு, எதிரே கண்ணாடியை நீட்டி, இப்போது விழுங்குங்கள் என்றாள். கண்ணாடியில் மகேஸ்வரி பார்த்தாள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியே நாக்கு முட்டிக்கொண்டு வெளியே வந்தது, பொந்திலிருந்து எதுவோ எட்டிப் பார்ப்பதைப் போல. தண்ணீர் தாடையில் வழிந்து புடவையை நனைத்தது.

"பிரச்சினை பேச்சுல மட்டும் இல்ல மகேஸ்வரி அவ்ரே. நீங்க முழுங்குறதே இப்படித்தான்." ஸ்பூர்த்தியின் தாய் பெங்களூர்த் தமிழ்க்காரி. கன்னடமும் தமிழும் கலந்து, பெயரோடு அவ்ரே என்று மரியாதை சேர்த்துப் பேசினாள். "நாக்கு சும்மா இருக்கும்போது எங்க இருக்கணும்னு உங்களுக்கு யாராவது சொல்லியிருக்காங்களா?"

அதற்கும் ஓர் இடம் உண்டு என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் ஒரு சின்ன மேடு. நாக்கின் நுனி அந்த மேட்டில் நிற்க வேண்டும். மீதி நாக்கு முழுவதும் மேலே அண்ணத்தோடு படிந்து கிடக்க வேண்டும். பல்லைத் தொடக்கூடாது. உதடு மூடியிருக்க வேண்டும். மூச்சு மூக்கு வழியே. அவளுடைய நாக்கோ ஆயுள் முழுவதும் கீழே விழுந்து கிடந்திருக்கிறது. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து முன்பல்லை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. அதனால்தான் முன்பல் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. தைக்கும்போது நூலை எல்லோரும் பல்லால் கடிப்பார்கள், அவள் மட்டும் கத்தரி தேடுவாள். கொய்யாவைக் கடைவாயில் கொடுத்துத்தான் கடிப்பாள். அது தன் பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

"சரியாயிடுமா?"

ஸ்பூர்த்தி கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "சின்ன வயசுல வந்திருந்தா சீக்கிரம் ஆகியிருக்கும். பெரியவங்களுக்கு நாளாகும். நாக்கு கேட்கும், அப்புறம் மறந்துடும். சில பேருக்கு முழுசா வர்றதில்ல. உங்ககிட்டப் பொய் சொல்லி என்ன பண்ண."

பயிற்சிகள் பார்வைக்குக் குழந்தை விளையாட்டாக இருந்தன. நாக்கை அண்ணத்தில் ஒட்டி, டொக்கென்று குதிரை ஓடும் சத்தம் எழுப்ப வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டுபவர்கள் மாட்டும் சின்ன ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, அந்த மேட்டில் ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டைத் திறந்தபடி விழுங்க வேண்டும். வளையம் விழக்கூடாது. அவளுக்கு வளையம் விழுந்துகொண்டே இருந்தது. அடுப்படியில் சோற்றுப்பானை கொதிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, குளிக்கும்போது என்று பழகினாள். கொஞ்ச நாளில் வளையம் நின்றது. தனியாக ஒரு ஸ, ஊதுகிற காற்று மாதிரி, பல்லுக்குப் பின்னாலிருந்து மெலிசாக வந்தது. முதல் தடவை வந்த அன்று ஸ்பூர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகேஸ்வரிக்கு அது தன் வாயிலிருந்து வந்ததாகவே தோன்றவில்லை.

அவள் எதிர்பார்க்காதது வேறொன்று. விழுங்குவதைக் கவனிக்கத் தொடங்கியவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. எச்சில் ஊறுவது தெரிந்தது. ஊறி நிறைவது தெரிந்தது. நாக்கை மேலே தூக்கி, பல்லைச் சேர்த்து, பின்புறமாக அழுத்தி விழுங்கி முடித்தால், அடுத்த எச்சில் ஊற ஆரம்பித்திருக்கும். சோற்றுக் கவளம் வாயில் போனதும் இப்போது இப்படி, இப்போது அப்படி என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும். பாதியில் தடுமாறிக் கவளம் தொண்டையில் நிற்கும். பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களை ஆச்சரியமாகப் பார்த்தாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். ரவிக்கைகள் தொளதொளத்தன. எல்லா உயிருக்கும் தானாக நடக்கும் ஒன்று தனக்கு மட்டும் வேலையாகிவிட்டதே என்று, ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதாள். அழும்போதும் எச்சில் ஊறியது. அதையும் சரியாக விழுங்கப் பார்த்தாள்.

வகுப்பில் அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அதில் எங்கே ஸ வரும் என்று துழாவுவாள். கதை சொல்வதை விட்டாள். குரங்காகவும் முதலையாகவும் மாறி மாறிப் பேசிக்கொண்டு நாக்கையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பாட்டுக்கு போனை ஒலிக்கவிட்டுக் கையசைத்தாள். முன்பெல்லாம் காலையில் கதவைத் திறந்ததும் அவள் காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள், இப்போது அவளைத் தாண்டி ஆயா மல்லம்மாவிடம் ஓடினார்கள். மல்லம்மா எதையாவது உளறிக்கொண்டே இருப்பாள். அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஆகஸ்டில் மகள் ஜீவிதாவுக்கு முன்பல் விழுந்தது. ஒன்றாம் வகுப்பு. அதே பள்ளிக்கூடம். அப்பா அம்மாவோடு தமிழும் மற்ற எல்லாரோடும் கன்னடமுமாக வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. விழுந்த பல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து காட்டி, "அம்மா, திஞ்சனாவுக்கு இன்னும் விழவே இல்ல" என்றாள். சிஞ்சனா அவளுடைய பெஞ்சுத் தோழி. மகேஸ்வரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மறுபடி சொல்லு என்றாள். "திஞ்சனா." பல் விழுந்த ஓட்டை வழியாக நாக்கின் நுனி இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அன்று சாயந்திரமே ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி முன்னால் மகளை நிறுத்தி, நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஐஸ் குச்சியால் தொட்டுக் காட்டினாள். குழந்தைக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. டொக் டொக்கென்று குதிரை விட்டாள். பிறகு அலுத்துப்போனது. மகேஸ்வரிக்கு அலுக்கவில்லை. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, "உதட்ட மூடு. இப்ப முழுங்கு. நாக்கு எங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டிவி பார்க்கும்போது வாய் லேசாகத் திறந்திருந்தால் தாடைக்கு அடியில் விரல் வைத்து மூடினாள். பேச்சுக்கு நடுவே நிறுத்தி, "மறுபடி சொல்லு" என்றாள். பள்ளியில் நடந்ததை மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டு வரும் குழந்தை, பாதியில் நிறுத்தப்பட்டு, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, கதையை எங்கே விட்டோம் என்று தெரியாமல் நிற்கும்.

"ஏன் கொழந்தையப் போட்டு இந்தப் பாடு படுத்தறே" என்றான் சிவகுமார்.

"என்னய யாரும் படுத்தலீங்க. அதனாலதான் இப்படி நிக்கறேன்."



தசரா வந்தது. ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். ஹனூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கி, ஊர்வலம் பார்த்துவிட்டு, பொருட்காட்சியில் ராட்டினம் ஏறிவிட்டுப் போனார்கள். மகேஸ்வரி எல்லோருக்கும் சிரித்தாள், பரிமாறினாள், பேசவில்லை. பிள்ளை ரொம்ப அடக்கமாயிட்டா என்றார்கள் ஊர்க்காரர்கள்.

பள்ளி திறந்த வாரத்தில் பிரின்சிபால் மேடம் வந்து கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். மகேஸ்வரி எஸ் எழுத்தையே எடுத்தாள். பாம்புப் படத்தைக் காட்டி, நாக்கை மேட்டில் நிறுத்தி, ஸ்ஸ்ஸ் என்றாள். சுத்தமாக வந்தது. சன். சோப். சாக்ஸ். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள். அப்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் குழந்தை ஒன்று நாற்காலியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டு விசும்ப ஆரம்பித்தது. பக்கத்துப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். மகேஸ்வரி பாம்புப் படத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மண்டியிட்டு அந்தக் குழந்தையின் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கன்னடத்தில், தரி தரி, ஒன்னும் இல்லடா புட்டா, மித் இருக்கேன், என்று முதுகைத் தடவினாள். குழந்தை அடங்கியது. தான் எப்படிப் பேசினோம் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நிமிர்ந்தபோது மேடம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைச் சந்திப்பதைத் தவிர்க்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பழைய த திரும்பிவிட்டதைத் தெரிந்துகொண்டாள்.

வேலையிலிருந்து எடுத்துவிடவில்லை. டே கேருக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகிற பெற்றோர்களின் பிள்ளைகளை மதியத்துக்குமேல் சாப்பிட வைத்துத் தூங்க வைக்கிற இடம். அங்கே பேசவேண்டிய அவசியம் அதிகம் இல்லை என்று மேடம் உண்மையான கரிசனத்தோடுதான் சொன்னார். பாய்களில் வரிசையாகத் தூங்கும் குழந்தைகளுக்கு நடுவே மகேஸ்வரி நடந்தாள். பெரும்பாலான வாய்கள் திறந்திருந்தன. சிலதில் நாக்கு உதட்டின்மேல் வந்து கிடந்தது. பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள். முடியாமல், குனிந்து குனிந்து, ஒவ்வொரு வாயையும் ஒரு விரலால் மூடிக்கொண்டே போனாள். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இந்தப் பக்கம் எல்லாம் மறுபடி திறந்துகொண்டிருக்கும்.

ஜீவிதாவின் டீச்சர் மீனா ஒரு நாள் டே கேர் வாசலில் வந்து நின்றாள். ஜீவிதாவுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று கேட்டாள்.

"இல்லியே. ஏன்?"

"அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது கையை மட்டும் தூக்குறா. எஸ் மிஸ் சொல்ல மாட்டேங்கிறா. சேட்டைன்னு நினைச்சேன். இப்ப எது கேட்டாலும் பதில் இல்ல. எழுதிக் காட்டுறா. எழுதுறதெல்லாம் சரியாத்தான் எழுதுறா."

அன்று சாயந்திரம் முழுவதும் வீட்டில் மகேஸ்வரி மகளைக் கவனித்தாள். அவள் பேசாமல் இல்லை. பேசினாள். அம்மா, தண்ணி வேணும். அப்பா எப்போ வருவாங்க. நாளைக்கு லீவா. கேட்டுக்கொண்டே இருந்தபோது மகேஸ்வரிக்குப் புரிந்தது. சிஞ்சனா இப்போது அவ ஆகிவிட்டாள். ஸ்கூல் அங்கே ஆகிவிட்டது. சைக்கிள் வேண்டியிருந்தபோது குழந்தை விரலால் காட்டியது. ஆறு வயது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் ஒரு கணம் நின்று, எங்கே கால் வைக்கக்கூடாது என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் பேசியது. அந்தக் கணம் மகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாளே ஸ்பூர்த்தியிடம் அழைத்துக்கொண்டு போனாள். ஸ்பூர்த்தி குழந்தையை மடியில் உட்காரவைத்து, வாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்தாள். பொம்மைகளைக் கொடுத்து வெளி அறைக்கு அனுப்பினாள்.

"இவளுக்கு ஒன்னுமே இல்ல மகேஸ்வரி அவ்ரே. நல்லா முழுங்குறா. முன்பல் விழுந்தா எல்லாக் குழந்தைக்கும் காத்து அப்படித்தான் போகும். புதுப் பல்லு வந்தா அதுவாவே நின்னுடும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மகேஸ்வரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே பொம்மைகள் உருளும் சத்தம் கேட்டது. குழந்தையின் குரல் கேட்கவில்லை.

"இனிமே திருத்தாதீங்க. ஒன்னும் சொல்லாதீங்க. மறந்துடுவா" என்றாள் ஸ்பூர்த்தி. வெளி அறைப் பக்கம் பார்த்துவிட்டு, "மறக்கணும்" என்றாள்.

மகேஸ்வரி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை திருத்தவில்லை. கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் மகளின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். தன் பயிற்சிகளையும் மகள் பார்க்கும்போது செய்வதில்லை. பொங்கலுக்குள் புதுப்பற்கள் இறங்கிவிட்டன. அகலமாக, ரம்பம் போன்ற விளிம்போடு, நேராக. ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தின. சிவகுமார் மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கம்மா மாதிரி இல்ல, என்னாட்டம் பல்லு" என்றான். குழந்தை வாயை மூடிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் பக்கத்து ஹோட்டலுக்குப் போனார்கள். சிவகுமார் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அம்மாவும் மகளும் சுவரோர மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். இந்த ஹோட்டலில் ஜீவிதா நாற்காலியில் உட்காரத் தெரிந்த நாளிலிருந்து மசால் தோசை தவிர வேறெதையும் தொட்டதில்லை. மொறுமொறுவென்ற விளிம்பை முதலில் சுற்றிலும் பிய்த்துத் தின்றுவிட்டு, உருளைக்கிழங்கை அப்பாவிடம் தள்ளிவிடுவாள். சர்வர் வந்து தண்ணீர் டம்ளர்களை வைத்தார். குழந்தையைப் பார்த்துச் சிரித்து, என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்.

ஜீவிதா ஒரு கணம் நின்றாள்.

"பூரி" என்றாள்.

மகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். பூரி எண்ணெய் நாறும் என்று வீட்டில் தொடமாட்டாத பிள்ளை. பக்கத்து மேஜைக்குப் போன தோசையின் பின்னாலேயே அதன் கண் போய்விட்டுத் திரும்பியது. சர்வர் மகேஸ்வரி பக்கம் திரும்பி, நிமகே மேடம், உங்களுக்கு என்ன, என்றார். மசாலே தோசே, ஒன்று. இல்லை, இரண்டு. குழந்தைக்கும் அதுதான் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு ஸ இருக்கிறது. அவள் நாக்கின் நுனியை மேலே தூக்கி மேட்டில் நிறுத்தினாள். ஓரங்களைக் கடைவாய்ப் பல்லோடு சேர்த்தாள். வாயில் எச்சில் நிறைந்திருந்தது. முதலில் அதை விழுங்க வேண்டியிருந்தது. பின்னால் நின்றவர்கள் மேஜைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். சர்வர் இரண்டு விரலைக் காட்டி, "பூரி எரடா?" என்றார். மகேஸ்வரி தலையை ஆட்டினாள்.

தட்டுகள் வந்தன. நான்கு பூரிகளும் நன்றாக உப்பியிருந்தன. ஜீவிதா ஒன்றின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு பிய்த்து, சாகுக் குருமாவில் லேசாகத் தொட்டு வாயில் போட்டாள். உதட்டை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்குவதற்கு முன், கன்னத்தில் கவளத்தை ஒதுக்கியபடி, தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.